அவவேடமும் தவவேடமும்

பெயர் பெற்ற குடியிருப்புப் பகுதிகளைப் பற்றி எந்த நகரத்திலும் இருவகைப் பேச்சு உண்டு. மரநிழல் தெரு, பழைய ஓட்டு வீடு, அதில் திறந்த காபிக்கடை, சுவரோவியம், கைத்தறி விற்கும் சின்னக் கடை எல்லாம் சேர்ந்து அந்த இடத்துக்கு ஒரு களையைக் கொடுக்கின்றன என்பார் ஒரு சாரார். அத்தனையும் பகட்டு, வாழ்வதாகக் காட்டிக்கொள்ளும் நாடகம் என்பார் மற்றவர். இதை ரசனைச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. புறக்கோலத்துக்கும் உள்ளிருப்புக்கும் என்ன உறவு என்ற பழைய சமயக் கேள்வியே இங்கே வேறு உடையில் வந்து நிற்கிறது. தமிழ்ச் சமய மரபு அந்தக் கேள்வியை ‘வேடம்’ என்ற பெயரில் நூற்றாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறது.

கேள்வியைச் சோதித்துப் பார்க்க மைசூரின் கோகுலம் பொருத்தமான இடம். நகரின் வடமேற்கில் உள்ள இந்த அமைதியான குடியிருப்பு 2002க்குப் பிறகு உலக யோகா வரைபடத்தில் இடம்பிடித்தது. அஷ்டாங்க யோகம் கற்பித்த கே. பட்டாபி ஜோயிஸ் (1915–2009) லட்சுமிபுரத்தில் இருந்த தம் வீட்டில் 1948இல் ஒரு யோகப் பள்ளியைத் தொடங்கினார். ஒரு நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் பயில முடியாத சிறிய கூடம் அது. 1964இல் பெல்ஜிய நாட்டு ஆந்த்ரே வான் லிஸ்பெத் வந்து பயின்று சென்றார். 1975இல் ஜோயிஸ் கலிபோர்னியாவின் என்சினிடாஸ் நகருக்குப் போய்க் கற்பித்தார். அதன்பின் வெளிநாட்டு மாணவர் வரத்து பெருகி, பள்ளி கோகுலத்துக்கு மாறியது. விடியுமுன் பயிற்சி, முடிந்ததும் இளநீர்க் கடையில் கூட்டம், மாடிகளில் மாத வாடகைக்கு அறை, வீட்டுக் கூடங்களில் காலை உணவு என்று அந்தத் தெருக்களுக்குப் புதிய நாள்முறை வந்தது. இன்று அதைப் பார்ப்பவர்களில் ஒருவருக்கு அது உலகம் கூடும் திண்ணை, இன்னொருவருக்கு விலையுயர்ந்த பாயைச் சுருட்டித் தோளில் மாட்டிய ஆன்மிகச் சந்தை.

பகட்டு என்று சொல்பவர்கள் வழக்கமாக ஒரு வரலாற்றை உடன் வைத்துக்கொள்கிறார்கள். முதலில் தூய யோகம் இருந்தது, பிறகு காபிக்கடை வந்து கெடுத்தது என்பது அந்த வரலாறு. மைசூரின் உண்மைக் கதை இப்படி நேர்க்கோட்டில் போகவில்லை. ஜோயிஸின் குரு திருமலை கிருஷ்ணமாச்சாரியா (1888–1989), நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1930களில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தியவர். அரச குடும்பத்துச் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்ததோடு, விருந்தினர் முன்பும் பொதுமேடைகளிலும் சீடர்களைக் கொண்டு ஆசனங்களைச் செய்துகாட்டுவதும் அவர் பணியாக இருந்தது. அந்தச் சீடர்களில் ஒருவரான பி.கே.எஸ். ஐயங்கார் பின்னாளில் புனேயில் தம் பள்ளியை நிறுவினார். ஆக, நவீன ஆசன யோகம் பார்வையாளர் முன்தான் வளர்ந்தது. அந்தக் காலத்து உடற்பயிற்சி முறைகளும் அதில் கலந்தன என்று என்.இ. ஸ்ஜோமன் (1996), மார்க் சிங்கிள்டன் (2010) போன்ற ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். அஷ்டாங்க முறைக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் ‘யோக குரண்டா’ என்ற சுவடி ஆய்வாளர் எவர் கைக்கும் கிடைக்கவில்லை. எறும்பு அரித்துவிட்டதாகவே சீடர் வழிச் செய்தி சொல்கிறது.

ஊரின் அழகும் அப்படித்தான். மைசூரின் தொன்மைக்கு அடையாளமாகப் பலர் நினைக்கும் அரண்மனை, 1897இல் பழைய மர அரண்மனை தீக்கிரையான பிறகு ஹென்றி இர்வின் என்ற பிரித்தானியக் கட்டடக் கலைஞர் வரைந்து 1912இல் முடிந்த கட்டடம். அகன்ற சாலைகளையும் ஒழுங்கான மனைகளையும் பெருமளவில் திட்டமிட்டது 1903இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம். செட்டிநாட்டு வீடுகளை இன்று மரபின் உச்சம் என்கிறோம். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் இறக்கி அவற்றைக் கட்டிய நாளில், அவை கடல் கடந்து ஈட்டிய செல்வத்தின் வெளிப்படையான பறைசாற்றல். அதே வீடுகள் இடிபட்டு, தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகள் வழியாக நகரத்து உணவகங்களுக்குப் போனால் அதைப் பகட்டு என்கிறோம். தூண் ஒன்றுதான், மாறியது அதைச் சுற்றியிருந்த குடும்பமும் சடங்கும். வயதை வைத்து மெய்யையும் பொய்யையும் பிரிக்கும் அளவுகோல் இங்கே முறிந்துவிடுகிறது. நேற்றைய பகட்டு இன்றைய மரபாவதற்கு இரண்டு தலைமுறை போதும்.

குற்றம் சொல்பவரின் நிலையும் ஆராயத்தக்கது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979இல் வெளியிட்ட நூலில், ரசனை என்பது வர்க்கங்கள் தம்மைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டும் வழி என்று நிறுவினார். ஒரு தெருவைப் பகட்டு என்று சொல்லும் வாய், அதைவிட மேலான ரசனை தனக்கு இருப்பதையும் சேர்த்தே அறிவிக்கிறது. புகழ்ச்சியும் இகழ்ச்சியும் ஒரே போட்டியின் இரு பக்கங்களாகிவிடும்போது, தெருவில் வாழும் மனிதர்கள் இரண்டு பேச்சிலும் காணாமல் போகிறார்கள். பூர்தியூ நோயைச் சரியாகக் கண்டார். ஆனால் எந்தக் கோலம் மெய், எந்தக் கோலம் பொய் என்று தீர்ப்பதற்கான அளவுகோல் அவரிடம் இல்லை. அதற்குச் சமய நூல்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

தமிழில் இதற்கு ஒரே விடை இல்லை என்பதே மரபின் வளம். திருக்குறளின் 28ஆம் அதிகாரமான ‘கூடா ஒழுக்கம்’ முதல் விடையைத் தருகிறது. மனத்தை அடக்காமல் தவக்கோலம் பூண்டவன், புலித்தோலைப் போர்த்திக்கொண்டு பயிர் மேயும் பசு என்கிறார் வள்ளுவர். அதே அதிகாரம் இன்னோரிடத்தில் அம்பையும் யாழையும் பக்கத்தில் வைக்கிறது. நேராக இருக்கும் அம்பு கொல்கிறது, வளைந்த யாழ் இசை தருகிறது. மனிதரையும் வடிவால் அளக்காமல் வினையால் அளக்க வேண்டும். கவனிக்க வேண்டியது, வள்ளுவர் வளைவைக் குற்றமாகச் சொல்லவில்லை, நேரான தோற்றத்தைச் சான்றாக ஏற்கவும் இல்லை. எளிமையாகத் தெரியும் தெருவுக்கும் இந்தக் குறள் எந்தச் சலுகையும் தராது.

இரண்டாவது விடை பெரியபுராணத்தில் இருக்கிறது. முதலாவதை அது அடியோடு திருப்பிப் போடுகிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்ன மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றில், போரில் வெல்ல முடியாத பகைவன் முத்தநாதன் நீறு பூசி, சடை முடித்து, ஓலைச்சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்து, அடியார் கோலத்தில் திருக்கோவலூர் அரண்மனைக்குள் நுழைகிறான். மன்னரான மெய்ப்பொருளார் அவனை வணங்கும்போது குத்திவிடுகிறான். வாளோடு பாய்ந்த காவலன் தத்தனை மன்னர் தடுக்கிறார். கோலம் பூண்டு வந்தவனுக்குத் தீங்கு நேராமல் ஊர் எல்லை கடத்திவிடச் சொல்கிறார். தத்தன் திரும்பி வந்து செய்தி சொன்ன பிறகே உயிர் விடுகிறார். வந்தவனின் பொய், வணங்கியவரின் அன்பைப் பொய்யாக்கவில்லை. இதை ஏமாளித்தனம் என்று வாசிப்பவர்களும் உண்டு. ஆனால் சேக்கிழார் மன்னரை ஏமாந்தவராகக் காட்டவில்லை; குத்துப்பட்ட பிறகும், பொய் வெளிப்பட்ட பிறகும், தெரிந்தே கோலத்தைக் காக்கிறவராகக் காட்டுகிறார்.

மூன்றாவது விடை திருமூலருடையது. திருமந்திரத்தின் ஆறாம் தந்திரம் அவவேடம், தவவேடம், ஞானவேடம், சிவவேடம் என்று கோலங்களை வகைப்படுத்துகிறது. சோற்றுக்காகக் கோலம் பூண்டு ஊரை மிரட்டும் அவவேடத்தாரை அவர் கடுமையாகச் சாடுகிறார். அறிவு கைவந்தவருக்கு வேடமே தேவையில்லை என்றும் சொல்கிறார். அதே பகுதியில், பொய்யாகப் பூண்ட கோலத்தையும் மெய்க்கோலம் போலவே தாங்கி நடந்தால், உணர்ந்து அறிந்தவருக்கு அது உய்விக்கும் கோலமாகலாம் என்ற கதவையும் திறந்து வைக்கிறார். நாகரிகத்துக்காகக் கோகுலம் வந்தவர், படத்துக்காகப் பாய் விரித்தவர், ஆண்டுக்கணக்கில் விடிகாலையில் எழுந்து பயின்று மெய்யான மாணவராகிவிடுவது நடக்கக்கூடியதே. திருமூலர் அந்த வாய்ப்பை மறுக்கவில்லை.

மூன்று விடைகளும் முரண்படுவதுபோல் தோன்றினாலும் அவை வெவ்வேறு ஆட்களிடம் பேசுகின்றன. வள்ளுவர் கோலம் பூண்டவரைக் கேட்கிறார். சேக்கிழார் கோலத்தைக் காண்பவரைப் பற்றிச் சொல்கிறார். திருமூலர் பூண்டவருக்கு உள்ளே காலப்போக்கில் என்ன நிகழலாம் என்று பார்க்கிறார். அழகா பகட்டா என்ற கேள்வி தீராமல் சுழல்வதற்குக் காரணம், இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதுதான். ஒரு தெருவைக் கண்டு மகிழ்பவரின் மகிழ்ச்சி மெய்யானது. அதைக் கேலி செய்வதில் எந்த ஞானமும் இல்லை. ஆனால் அந்த மகிழ்ச்சி அந்தத் தெருவுக்குச் சான்றிதழும் ஆகாது. தெருவின் மெய்ப்பொய்யை அதன் வினைகளில்தான் தேட வேண்டும்.

கோகுலத்தில் அந்தத் தேடல் வலிக்கும் இடத்துக்கும் கொண்டுபோகிறது. பட்டாபி ஜோயிஸ் ஆசனத்தைத் திருத்தும் பெயரில் தகாத முறையில் தொட்டார் என்று பல மாணவிகள் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினர். அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 2017 முதல் இந்தக் குரல்கள் பரவலாகக் கேட்கத் தொடங்கின. அவருக்குப் பின் பள்ளியை நடத்திய பேரன் சரத் ஜோயிஸ் 2019இல் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டார். பகட்டு என்று விமர்சகர்கள் சுட்டிய காபிக்கடையிலும் வண்ண உடையிலும் இந்தக் கேடு இருக்கவில்லை. அவர்கள் தூய தொடக்கம் என்று போற்றிய இடத்தில், குருவின் மீது வைத்த நம்பிக்கையின் மறைவில் இருந்தது. அதைப் பேச மாணவிகளுக்கு இத்தனை ஆண்டுகள் ஆனதற்கு அந்தக் கோலத்தின் மதிப்பும் ஒரு காரணம். மெய்ப்பொருள் நாயனாரின் அன்பை இங்கே எடுத்துக்காட்டாகச் சொல்லக் கூடாது. தன் உயிரை விட்டுக்கொடுக்க மன்னருக்கு உரிமை இருந்தது. பிறர் உடலை விட்டுக்கொடுக்கச் சொல்ல எந்தக் கோலத்துக்கும் எவருக்கும் உரிமை இல்லை.

இன்னொரு வினை வாடகை. லண்டனின் உழைக்கும் மக்கள் தெருக்களில் நடுத்தர வர்க்கம் குடியேறி, பழைய குடிகள் வெளியேற நேர்ந்ததை ரூத் கிளாஸ் 1964இல் விவரித்து அதற்கென ஒரு சொல்லையே உருவாக்கினார். அங்கே வீடு அழகானபோது வீட்டில் இருந்தவர் மாறினார். கோகுலத்தில் வீட்டுக்காரர் பலர் கீழே தங்கி மாடியை வாடகைக்கு விட்டதால் வருமானத்தில் ஒரு பகுதியேனும் அதே தெருவில் நின்றது. இது சின்ன வேறுபாடு போலத் தெரியலாம். கோலத்தின் தன்மையைத் தீர்மானிப்பதில் இது பெரிய வேறுபாடு. தன் அழகைக் கொண்டே அந்த அழகை உண்டாக்கியவர்களை விரட்டும் தெரு அவவேடம் பூண்ட தெரு.

காட்சிக்கு நிற்காத ஊரையும் பார்த்துவிடலாம். மைசூரிலிருந்து கிழக்கே கொள்ளேகாலம், ஹனூர் வழியாகப் போகும் சாலை கௌதள்ளியைக் கடந்து தாளபெட்டாவில் மலையடிவாரத்தை எட்டுகிறது. மேலே மலை மாதேஸ்வரர் கோயில். தமிழர்களுக்கு மாதேஸ்வரன் மலை. கொள்ளேகாலம் வட்டாரம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. கன்னட, தமிழ்ப் பக்தர்கள் நடந்து போகும் இந்தப் பாதையில் உள்ள கௌதள்ளியை அழகு என்றோ பகட்டு என்றோ யாரும் விவாதிப்பதில்லை. அந்த ஊர் எவருக்கும் தன்னைக் காட்சியாக வைக்கவில்லை.

ஆனால் இதே மலையின் மரபு முழுக்கக் கோலமும் காட்சியுமானது. மாதேஸ்வரருக்கு நேர்ந்துகொண்டு தீட்சை பெற்ற தேவரகுட்டர்கள் கம்சாளே என்னும் வெண்கலத் தாளத்தை வீசி ஆடி அவர் காவியத்தைப் பாடுகிறார்கள். பிச்சை ஏற்பதும் பாடுவதும் அந்த நேர்த்திக்கடனின் பகுதிகள். அந்தக் கம்சாளே இன்று மைசூர் தசராவிலும் அரசு விழாக்களிலும் கல்லூரி மேடைகளிலும் ஆடப்படுகிறது. தீட்சை பெறாத இளைஞர்களும் கற்று ஆடுகிறார்கள். மேடைக்கு வந்ததாலேயே அது பொய்யாகிவிடவில்லை. மேடை ஏறியிராவிட்டால் நகரத்தில் பலர் மாதேஸ்வரர் பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். மேடை வருமானம் தேவரகுட்டர் குடும்பங்களுக்குப் போகிறதா, பாட்டு முழுதாகக் கற்பிக்கப்படுகிறதா அல்லது தாளம் மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறதா என்பவைதான் அதை அளக்கும் கேள்விகள். கோகுலத்துக்கும் செட்டிநாட்டுத் தூணுக்கும் இதே கேள்விகள்தான் பொருந்தும்.

எனவே ஒரு குடியிருப்பின் அழகைப் பற்றிய தீர்ப்பை அங்கே வந்துபோகும் ரசிகரிடமோ, அவரைப் பழிக்கும் விமர்சகரிடமோ விடக் கூடாது. அந்தத் தெருவில் நெடுநாள் குடியிருப்பவர், அங்கே பாத்திரம் தேய்ப்பவர், இளநீர் விற்பவர், பயில வந்து காயப்பட்டவர் ஆகியோரிடம் கேட்டுத்தான் அதைச் சொல்ல வேண்டும். பெங்களூரிலும் சென்னையிலும் புதுச்சேரியிலும் இத்தகைய தெருக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் அவர்களிடம் போகட்டும்.