பண்டலும் மருந்துச்சீட்டும்

வேதாளை, மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் கஞ்சா என்று பேச்செடுத்தால் அடுத்து வருவது போலீஸ் கேஸ்தான். ஆந்திர மலைப்பகுதியில் விளைந்த சரக்கு, பாலித்தீன் சுற்றி இறுக்கிக் கட்டிய பண்டல்களாக வந்து, இருட்டில் நாட்டுப்படகு ஏறி, தலைமன்னார் பக்கம் போகிறது. தனுஷ்கோடியிலிருந்து அங்கே சுமார் 30 கிலோமீட்டர். இலங்கையில் அதற்குப் பெயர் ‘கேரளா கஞ்சா’. கேரளத்துக்கும் அதற்கும் பெரும்பாலும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பிடிபடுகிறவர்கள் பெரும்பாலும் சுமந்தவரும் படகு ஓட்டியவரும்தான். பணம் போட்டவர் சிக்குவது அபூர்வம். 20 கிலோவுக்கு மேல் என்றால் குறைந்தது 10 ஆண்டு சிறை.

இந்தக் கரையில் நின்றுகொண்டு, கஞ்சாவிலிருந்து எடுத்த மருந்து நோயாளிக்குக் கிடைக்க மாநில அரசு விதி எழுதலாமா என்று கேட்டால், கேட்டவரையே சந்தேகமாகப் பார்ப்பார்கள். பிள்ளையைப் போதைக்குப் பறிகொடுத்த வீட்டில் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான்.

சட்டமோ கதவை முழுக்கச் சாத்திவிடவில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு மருத்துவத் தேவைக்கு விலக்கு தருகிறது. 10-ஆம் பிரிவு கஞ்சாவை அனுமதிக்கவும் கட்டுப்படுத்தவும் மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆகவே மாநிலம் சும்மா இருப்பதும் ஒரு முடிவுதான். பூமுனை சேராத இலை அந்தச் சட்டத்தின்படி கஞ்சாவே அல்ல. அந்த இடைவெளியில்தான் ‘விஜயா’ என்ற பெயரில் இலைச்சாற்று மருந்துகள் ஆயுர்வேத உரிமத்தோடு இணையத்தில் விற்பனையாகின்றன. விவரம் தெரிந்தவர், கையில் காசு உள்ளவர் வீட்டிலிருந்தே வாங்கிக்கொள்கிறார். பாம்பனில் வலை பின்னிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது.

பிற மாநிலங்கள் நகர்ந்திருக்கின்றன. உத்தராகண்ட் 2018-இல் சணல்வகைக் கஞ்சா பயிரிட உரிமம் கொடுத்தது. இமாச்சலப் பிரதேசச் சட்டமன்றம் 2024-இல் சாகுபடிக்கு வழிகாட்டும் குழு அறிக்கையை ஏற்றது. இரண்டு இடத்திலும் முன்வரிசையில் இருந்தவை விவசாயியின் வருமானமும் அரசுக் கஜானாவும். நோயாளிக்குக் கடைசி நாற்காலி. தாய்லாந்து 2022-இல் தாராளமாகத் திறந்துவிட்டு, கடைகள் தெருத்தெருவாக முளைத்த பின், 2025-இல் மருத்துவர் சீட்டு கட்டாயம் என்று திரும்பி வந்தது. நோயாளியின் பெயரைச் சொல்லிச் சந்தைக்கு வழி வெட்டினால் இதுதான் நடக்கும்.

மருந்தின் பலனையும் ஊதிப் பெருக்க வேண்டாம். கஞ்சாவிலிருந்து எடுத்த ‘எபிடியோலெக்ஸ்’ அமெரிக்காவில் 2018-இல் அனுமதி பெற்றது குழந்தைகளைத் தாக்கும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்காக. கீமோவுக்குப் பின் வரும் குமட்டல், தண்டுவட மரப்பு நோயில் வரும் தசை இறுக்கம் ஆகியவற்றிலும் பயன் தெரிகிறது. புற்றுநோயையே கரைத்துவிடும் என்பது வாட்ஸ்அப் வைத்தியம்.

கடத்தலுக்கு வழிவிடும் என்ற வாதத்துக்கு இந்தக் கரையே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. நரம்பு வலிக்குத் தரும் ‘பிரீகாபாலின்’ மாத்திரைகள் இங்கிருந்து இலங்கைக்குக் கடத்தப்படுகையில் பிடிபட்டிருக்கின்றன. சட்டப்படி விற்கும் மருந்தும் கசியும் என்பது உண்மை. அதற்காக, கால் எரிச்சலில் தூக்கமில்லாமல் தவிக்கும் சர்க்கரை நோயாளிக்கு அந்த மாத்திரை கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! கஞ்சா மருந்துக்கு மட்டும் வேறு நியாயம் ஏன் என்பதற்குப் பதில் வர வேண்டும்.

மார்ஃபின் கதை இன்னும் கசப்பானது. அபின் விளைவித்து உலகுக்கு ஏற்றுமதி செய்த இந்தியாவில், 1985 சட்டத்துக்குப் பின் அடுக்கடுக்கான உரிமங்களுக்கும் தண்டனைக்கும் பயந்து மருந்துக்கடைகள் மார்ஃபினைக் கைவிட்டன. ஆண்டுக்குச் சுமார் 600 கிலோவாக இருந்த மருத்துவப் பயன்பாடு 1997-இல் 18 கிலோவாகச் சுருங்கியது. கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2014 திருத்தம் வந்து, மார்ஃபின் உள்ளிட்ட மருந்துகளுக்கு நாடு முழுதும் ஒரே விதி என்றானது. அதுவரை வலியோடு செத்தவர்களில் கடத்தல்காரர் எத்தனை பேர்? பிறர் குற்றத்தைத் தடுக்க, குற்றமே செய்யாத நோயாளியைத் துடிக்கவிடும் உரிமை அரசுக்கு எங்கிருந்து வந்தது?

தமிழ்நாடு விதி எழுதுவதானால் வயலில் தொடங்க வேண்டியதில்லை. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் பெற்ற, அளவு திட்டமாகத் தெரிந்த மருந்து மட்டும். எந்த நோய்க்கு, எந்தச் சிறப்பு மருத்துவர் எழுதலாம் என்ற பட்டியல். எந்த அரசு மருத்துவமனை மருந்தகம் பதிவேடு வைக்கும் என்ற பொறுப்பு. இவ்வளவுக்கும் ஒரு சென்ட் நிலத்தில்கூடச் செடி நட வேண்டாம். ராமநாதபுரத்தில் 2022-இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சை செவிலியர் வீடு தேடியே போகிறார். அவர் பையில் எந்த மருந்து இருக்கலாம் என்பதைச் சுங்கத்துறை பிடித்த பண்டல்களை வைத்து முடிவு செய்யாமல், படுக்கையில் கிடப்பவரின் நோயை வைத்து முடிவு செய்ய வேண்டியது சுகாதாரத் துறை.