காணாமல் போன 11 சென்டிமீட்டர்

சீடன்: ஐயா, என் யூஃபோனியத்தில் மூன்று வால்வுதான் இருக்கிறது. நான்காவதைப் பொருத்தித் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார். கீழ்ச்சுரங்கள் எல்லாம் வந்துவிடுமாம். உங்கள் சம்மதம் வேண்டும்.

குரு: எந்தக் கீழ்ச்சுரங்கள்? பெயர் சொல்.

சீடன்: பி ஃபிளாட்டில் தொடங்கி வால்வுகளை அழுத்திக்கொண்டே இறங்கினால் ஈ வரை வருகிறது. மூன்றையும் அழுத்தியாகிவிட்டது, அதற்கு மேல் அழுத்த ஒன்றுமில்லை. ஆனால் உதட்டைத் தளர்த்தி ஊதினால், எந்த வால்வையும் தொடாமலே ஒரு ஸ்தாயி கீழே பெடல் பி ஃபிளாட் பேசுகிறது. நடுவே ஈ ஃபிளாட், டி, டி ஃபிளாட், சி, பி நேச்சுரல் ஆகிய ஐந்தும் இல்லை.

குரு: ஏன் இல்லை?

சீடன்: யோசித்ததில்லை ஐயா.

குரு: குழாய் தானாகத் தரும் சுரங்கள் படிப்படியாக வருவதில்லை, தாவித் தாவி வருகின்றன. அடியில் ஒரு ஸட்ஜம், அடுத்தது மேல் ஸட்ஜம், அதற்கடுத்தது அதன் பஞ்சமம். மேல் ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையே எத்தனை ஸ்வரஸ்தானம்?

சீடன்: ஆறு.

குரு: மூன்று வால்வும் அந்த ஆறுக்காகவே வந்தவை. இரண்டாவது வால்வு ஒரு படி இறக்கும், முதலாவது இரண்டு படி, மூன்றாவது மூன்று படி. சரி, அடி ஸட்ஜத்துக்கும் மேல் ஸட்ஜத்துக்கும் இடையே?

சீடன்: பதினொன்று. ஆறு போனால் ஐந்து! நான்காவது வால்வு ஐந்து படி இறக்கும் என்று பட்டறைக்காரரும் சொன்னார். கணக்கு நேராகிவிட்டதே ஐயா.

குரு: எண்ணிப் பார்த்தாய். இனி அளந்து பார். உன் குழாய் ஏறக்குறைய 9 அடி, அதாவது 274 செ.மீ. ஒரு படி இறங்க, இருக்கும் நீளத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு கூட வேண்டும். அந்தக் கணக்கில் இரண்டாவது வால்வின் சுற்று, அதாவது அதை அழுத்தினால் கூடும் குழாய், சுமார் 16 செ.மீ., முதலாவது 34, மூன்றாவது 52. வரப்போகும் நான்காவது 92. அதை அழுத்தினால் குழாயின் நீளம் என்ன?

சீடன்: 366.

குரு: அங்கிருந்து இரண்டு படி இறங்க முதல் வால்வையும் அழுத்துகிறாய். 274க்கு 34 போதுமாக இருந்தது. 366க்கு?

சீடன்: அதே விகிதத்தில் 45 வேண்டும். சுற்றில் 34தான் இருக்கிறது. 11 செ.மீ. குறைகிறது.

குரு: அந்த வால்வு தேய்ந்துவிட்டதா?

சீடன்: இல்லை. அப்படியேதான் இருக்கிறது.

குரு: சற்று முன்பு நிறைவாக இருந்தது, இப்போது குறையாகிவிட்டது. அப்படியானால் ‘இரண்டு படி’ என்பது வால்வுக்குள் இருந்த பொருள்தானா?

சீடன்: அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால், வால்வுக்கும் குழாய்க்கும் உள்ள உறவைத்தான் இரண்டு படி என்று சொல்லிவந்திருக்கிறேன். குழாய் நீண்டதும் உறவு மாறிவிட்டது.

குரு: இதை விரலுக்குப் பழக்க எனக்குப் பல வருடங்கள் ஆயின. இன்னும் கொஞ்சம் அளப்போம். பி நேச்சுரலுக்கு 243 செ.மீ. கூட வேண்டும். நான்கையும் அழுத்தினால் 194தான் வரும். ஏறக்குறைய அரை மீட்டர் குறைகிறது! டி ஃபிளாட்டைக் கொஞ்சம் தாண்டியதும் நின்றுவிடுவாய்.

சீடன்: அப்படியானால் நான்காவது வால்வு வீண்தானா?

குரு: அவசரப்படாதே. எஃப் சுரத்தை இப்போது முதலாவதும் மூன்றாவதும் சேர்த்து ஊதுகிறாய். 34ம் 52ம் 86. வேண்டியது 92. அதனால்தான் உன் எஃப் எப்போதும் சுருதி ஏறி நிற்கிறது. நான்காவது தனியாகவே அதைச் சரியாகத் தரும். காணாத ஐந்தில் மூன்றும் கிடைக்கும், ஆனால் நீ எண்ணிய விரல்களில் கிடைக்காது. டிக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்று கணக்கு சொல்லும். அழுத்தினால் ஈ ஃபிளாட்தான் வரும். டிக்கு இரண்டு, மூன்று, நான்கு. நான்கும் சேர்ந்தால் டி ஃபிளாட், அதையும் உதட்டால் சற்றே தூக்க வேண்டும்.

சீடன்: இந்தக் குறையை யாரும் தீர்க்கவில்லையா?

குரு: தீர்த்தார் ஒருவர். இலண்டனில் பூசி நிறுவனத்தின் டேவிட் ஜேம்ஸ் பிளெய்க்லி, 1874இல். நான்காவது வால்வின் சுற்றைக் கடந்த காற்றை அவர் மறுபடியும் முதல் மூன்று வால்வுகளுக்கே அனுப்பினார். அந்த இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு சின்னக் குழாய் காத்திருக்கும். முதல் வால்வின் சின்னக் குழாய் எவ்வளவு இருக்கும், சொல் பார்க்கலாம்.

சீடன்: 11 செ.மீ.!

குரு: அதேதான். நான்காவதைத் தொடாதபோது அந்தச் சின்னக் குழாய்கள் வேலைக்கு வருவதில்லை. எது எப்போது குறையும் என்று அறிந்து, அந்த நேரத்துக்கு மட்டும் அதைக் கொடுத்த மனிதர் அவர். வாத்தியம் செய்தவர்களில் எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு. பிரிட்டனின் பித்தளை இசைக்குழுக்களில் இன்றும் அவர் முறைதான் வழக்கம்.

சீடன்: அதையே பட்டறையில் செய்யச் சொல்கிறேன்.

குரு: முடியாது. காற்று இரண்டு முறை போக பிஸ்டனிலேயே கூடுதல் துளைகள் வேண்டும், பிஸ்டன் நீளமாக வேண்டும். உன் மூன்று வால்வையும் கழற்றி எறிய வேண்டியிருக்கும். அந்த முறையும் முழுமையானதல்ல. கனம் கூடும், அடிச்சுரங்களில் காற்று சற்றுத் திணறும், பி நேச்சுரல் அப்போதும் சுருதி ஏறியே நிற்கும்.

சீடன்: எனக்கு ஒன்று தோன்றுகிறது ஐயா. ஐந்தாவது வால்வு ஒன்று வைத்து, அதன் சுற்றை 34ஆக இல்லாமல் 45ஆக வெட்டினால்? 194ம் 45ம் 239. வேண்டியது 243. மீதியை உதடு பார்த்துக்கொள்ளாதா?

குரு: பார்த்துக்கொள்ளும். டியூபா செய்பவர்கள் ஐந்தாவது வால்வை இப்படித்தான் வெட்டுகிறார்கள். நீயாகவே அங்கே வந்து சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஒரு வேறுபாட்டை மட்டும் மனதில் வை. பிளெய்க்லியின் கருவியில் எங்கே குறைகிறது என்பதைப் பித்தளை நினைவில் வைத்திருக்கும். ஐந்தாவது வால்வில் அதை நினைவில் வைக்க வேண்டியவன் நீ.

சீடன்: உங்கள் முடிவு என்ன ஐயா?

குரு: நான்காவதைப் பொருத்து. ஐந்தாவது இப்போது வேண்டாம், ஒரு வருடம் போகட்டும். பட்டறைக்காரரிடம் மூன்று விஷயம் சொல். யூஃபோனியத்தின் குழாய் போகப்போக அகலும். வால்வோ ஒரே அகலமுள்ளது. ஆகவே குழாய் அகலத் தொடங்கும் முன், மூன்றாவது வால்வை ஒட்டியே புது வால்வு நிற்க வேண்டும், உள்விட்டமும் மற்ற மூன்றோடு ஒத்திருக்க வேண்டும். அடுத்து, புது வால்வின் உள்வழி எவ்வளவு நீளமோ அவ்வளவைத் தாய்க்குழாயில் வெட்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உன் பி ஃபிளாட்டே இறங்கிவிடும்.

சீடன்: மூன்றாவது?

குரு: நான்காவது வால்வின் ஸ்லைடு இடது கைக்கு எட்டும்படி, தாராளமாக இழுபடும்படி இருக்கட்டும். 10 செ.மீ. இழுத்தால் இரு காலிலும் சேர்ந்து 20 செ.மீ. கூடும். நான்கு வால்வையும் அழுத்தி அப்படி இழுத்தால் சி வந்துவிடும். பி நேச்சுரல் வராது.