சத்தியப் பிரமாணமும் சர்வேசுரனுடைய திருநாமமும்



2014-ம் ஆண்டில், அமெரிக்காவில் நெவாடா மாகாணத்துக் கிரீச் விமானப்படைத் தளத்தில் ஊழியம் பார்த்த ஒரு வீரன், மறுபடியும் படையில் சேரும்படி பிரமாணப் பத்திரத்தில் கையொப்பமிட வந்தான். சர்வேசுரன் தனக்குத் துணை செய்வாராக என்று வேண்டும் வார்த்தைகளோடு அந்தப் பிரமாணம் முடிகிறது. அவனோ நாஸ்திகன். அந்த வார்த்தைகளை மட்டும் கோடிட்டு அடித்துவிட்டு, மற்றதற்கெல்லாம் சம்மதித்தான். மேலதிகாரிகள் ஒப்புக்கொள்ளவில்லை.

சாதாரணப் போர்வீரர் சொல்லும் பிரமாணத்தில் அவ்வார்த்தைகள் 1962-ம் வருஷத்துச் சட்டத்தால் சேர்ந்தவை. மனமில்லாதவர் அவற்றை விட்டுவிடலாமென்று விமானப்படையில் இருந்த அனுமதியை 2013-ல் எடுத்துப்போட்டார்கள். தரைப்படையும் கடற்படையும் இப்படிக் கட்டாயம் பண்ணவில்லை. கடைசியில், பாதுகாப்பு இலாகாவின் சட்ட ஆலோசகர் கருத்துச் சொன்னபின், 2014 செப்டம்பரில் விமானப்படையும் விதியைத் திருத்திக்கொண்டது.

"சாமி, இதென்ன பெரிய காரியம்? நாலு வார்த்தை சொன்னால் அவன் வாய் வெந்தா போகும்? தேவ நாமத்தை எடுத்துவிட்டால் நாஸ்திகம் அல்லவா ஜெயிக்கிறது?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். பக்தியினால் கேட்கிற கேள்விதான். ஆனால் ஞானோபதேசத்தில் படித்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆணையிடுவதென்றால் என்ன? நாம் சொல்வது உண்மையென்பதற்குச் சர்வேசுரனைச் சாட்சியாக அழைப்பது. அதற்கு மூன்று காரியம் வேண்டும்: உண்மை, விவேகம், நீதி. எரேமியாஸ் தீர்க்கதரிசி காலத்திலிருந்து வருகிற போதனை இது. இன்றைய திருச்சபைச் சட்டமும் அதையே சொல்லுகிறது. சர்வேசுரன் இல்லையென்று நினைக்கிறவன் அவரைச் சாட்சிக்கு அழைத்தால், முதலாவதான உண்மையே அங்கே இல்லை. அப்படியானால் இரண்டாம் கற்பனைக்கு விரோதமாகத் திருநாமம் வீணாகச் சொல்லப்படுகிறது. சொல்லவைத்தவனுக்கு அதில் பங்கில்லையா? அந்த வீரன் கோடிட்டு அடித்தானே, அவனுக்குத் தெரியாமலே நம் ஆண்டவருடைய நாமத்துக்கு ஒரு மரியாதை செய்தானென்று சொல்லத் தோன்றுகிறது.

இதைச் சொல்ல நமக்கு உரிமையுண்டு. ஏனெனில் பிரமாணத்துக்காக உயிர்விட்டவர்கள் நம்மவர்கள். 180-ம் ஆண்டில் கார்த்தேஜ் நகரத்தில், இராயனுடைய காவல் தெய்வத்தின்மேல் ஆணையிட மாட்டோமென்று சொன்ன ஸ்கில்லி ஊர்க் கிறிஸ்தவர்கள் பன்னிருவர் தலை வெட்டுண்டார்கள். நம்பாததின்மேல் ஆணையிடுவது பொய்யென்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்னும் கிட்டத்து வரலாறு ஒன்று. இத்தாலி தேசத்துப் போல்சானோ நகரத்து யோசேப் மாயர்-நுஸ்ஸர், ஏழைகளைத் தேடிப்போன வின்சென்ட் தே பவுல் சபைக்காரர். மனைவியும் கைக்குழந்தையும் உள்ளவர். 1944-ல் ஹிட்லருடைய எஸ்.எஸ். படையில் பலவந்தமாய்ச் சேர்க்கப்பட்டார். அந்தப் படையின் பிரமாணமும், கேளுங்கள், சர்வேசுரனுடைய உதவியை வேண்டித்தான் முடிந்தது! திருநாமத்தைச் சொல்லி அப்பேர்ப்பட்டவனுக்குத் தன்னைக் கையளிக்க அவர் மாட்டேனென்றார். கைதியாக டாக்கௌ முகாமுக்குக் கொண்டுபோகையில், 1945 பிப்ரவரி 24-ம் தேதி இரயில் வண்டியிலேயே மரித்தார். திருச்சபை அவருக்கு 2017-ல் முத்திப்பேறு பட்டம் அளித்தது. தேவ நாமம் பிரமாணத்தில் இருப்பதால் மட்டும் பிரமாணம் பரிசுத்தமாகிவிடாதென்று இதனால் தெரிகிறதல்லவா?

நம் தேசத்து அரசியல் சட்டத்தில் 1950 முதலே இரண்டு வகையும் இருக்கின்றன. கடவுள் பேரால் ஆணையிடலாம். மனப்பூர்வமாய் உறுதி கூறவும் செய்யலாம். நாம் முதலாவதைச் சொல்லுகிறோம். அதை நடுங்கிச் சொல்ல வேண்டும்.

படையில் நடப்பது இருக்கட்டும், நம் வீட்டில்? அஞ்சறைப்பெட்டியில் வைத்த காசு காணாமற்போனால், "மாதா மேல் சத்தியம் பண்ணு", "பாடுபட்ட சுரூபத்தைத் தொட்டுச் சொல்லு" என்று பிள்ளைகளை மிரட்டுகிறோமே. நானும் குற்றமில்லாதவனல்ல. ஞானோபதேச வகுப்பில் ஒருநாள், ஜன்னல் கண்ணாடியை உடைத்தது யாரென்று கேட்டு, ஒரு சிறுவனைப் பீடத்தின் முன்னே நிறுத்தி ஆணையிடச் சொன்னேன். "நான் உடைக்கலை சாமி, சத்தியமா" என்றான். இரண்டு நாளுக்குப்பின் அழுதுகொண்டே வந்து உண்மையைச் சொன்னான். பயமுறுத்தி வாங்கிய ஆணை செல்லாதென்று திருச்சபைச் சட்டம் சொல்வது எனக்குத் தெரியாததா? கண்ணாடி விலையை நானே கொடுத்தேன். அவனிடம் மன்னிப்பும் கேட்டேன்.