கண்ணுக்குக் குளிர்ச்சி

தேயிலை மலைக்குப் போய்வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: "கண்ணுக்குக் குளிர்ச்சியா இருந்துச்சு." அந்தக் குளிர்ச்சி யாருடைய கையால் ஆனது? அது தெரிந்த பிறகும் கண் குளிருமா? குளிர்ந்தால் அது சரியா? இவைதான் என் கேள்விகள். பெண்ணியம் பேசுகிறவர்களுக்கு இவற்றில் கூடுதலாக ஒரு முள் இருக்கிறது. அந்தச் சரிவில் நின்று கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண் துணை இல்லாமல், தோழிகளோடு வண்டி பிடித்து அதைப் பார்க்கப் போகும் உரிமையை இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறவர்களும் பெண்கள்.

மதுரையிலிருந்து மூணாறுக்கு ஒரே நாளில் போய் வரலாம். உசிலம்பட்டி, தேனி, போடிநாயக்கனூர், போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம் வழியாகச் சுமார் 155 கிலோமீட்டர். ஏறக்குறைய 1400 மீட்டர் உயரம் ஏறுகிறோம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆக, ஒரு காலைப்பொழுதில் எட்டொன்பது டிகிரி வெயிலைக் கழற்றிவைத்துவிடலாம். ஒரு டிசம்பர் சனிக்கிழமை நானும் இரண்டு தோழிகளும் வாடகை வண்டி எடுத்துக்கொண்டு விடிவதற்கு முன்பே கிளம்பினோம்.

முந்தைய நாள் எங்கள் மூன்று வீட்டிலும் ஒரே கேள்வி: "தனியாவா போறீங்க?" மூன்று பேர் எப்படித் தனியாக ஆவார்கள்? ஆண் இல்லாத எண்ணிக்கை எத்தனையானாலும் நம் ஊரில் அதற்குப் பெயர் 'தனியா'தான். வண்டி ஓட்டியவர் ஆண்தான். ஆனால் கூலிக்கு வருகிறவர் என்பதால் அவரை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு சொல்லுக்குள் பாலினமும் வர்க்கமும் எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பதற்கு வகுப்பில் நான் இதையே உதாரணமாகச் சொல்வதுண்டு.

ஒரு பெண் காரணமில்லாமல் ஊர் சுற்றுவது இன்றும் சந்தேகத்துக்குரிய காரியம். கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி என்றால் சரி. 'சும்மா பார்க்க' என்றால் முகம் சுருங்கும். 2018 மார்ச்சில் போடிக்குப் பக்கத்தில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் பலர் உயிரிழந்தார்கள்; அவர்களில் இளம்பெண்களும் இருந்தார்கள். அப்போது "பொம்பளப் புள்ளைகளுக்கு மலை எதுக்கு?" என்ற கேள்வியை நானே பலர் வாயிலிருந்து கேட்டேன். அதனால் பயணத்தின் இன்பத்தைக் குற்றமாக்கும் எந்த வாதத்தையும் நான் எச்சரிக்கையோடுதான் அணுகுகிறேன். பெண்ணின் இன்பத்தைக் குற்றம் சொல்ல ஏற்கெனவே போதுமானவர்கள் இருக்கிறார்கள். அந்த வரிசையில் பெண்ணியமும் போய் நிற்க வேண்டாம்.

ஆனால் அதே சாலையில் இன்னொரு ஒருநாள் பயணமும் நடக்கிறது. காலையில் போடியிலிருந்து ஜீப்புகள் மலையேறும். உள்ளே நெருக்கி உட்கார்ந்திருப்பவர்கள் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போகும் தேனி மாவட்டத்துப் பெண்கள். மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு. மாலையில் அதே ஜீப்பில் இறங்குவார்கள். அளவுக்கு மேல் ஆளேற்றிய ஜீப்புகள் கவிழ்ந்த செய்திகள் உள்ளூர்ப் பத்திரிகைப் பக்கத்தில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவர்களும் ஒரே நாளில் மலைக்குப் போய் ஒரே நாளில் திரும்புகிறவர்கள். அவர்களும் பெண்கள் கூட்டமாகத்தான் போகிறார்கள். ஆனால் அவர்களை யாரும் "தனியாவா போறீங்க?" என்று கேட்பதில்லை. உழைக்கப் போகும் பெண்ணின் பாதுகாப்பு பற்றி ஊருக்குக் கவலை இல்லை. உலாவப் போகும் பெண்ணின் பாதுகாப்பு பற்றித்தான் கவலை. அப்படியானால் அந்தக் கவலை பாதுகாப்பைப் பற்றியதே அல்ல.

கேப் ரோட்டைத் தாண்டியதும் தேயிலை தொடங்குகிறது. வெட்டித் தைத்த பச்சைத் துணிபோல மலை மலையாக விரிகிறது. இதைத்தான் நாம் 'இயற்கைக் காட்சி' என்கிறோம். அதில் இயற்கை எவ்வளவு? தேயிலையை அதன் போக்கில் விட்டால் மரமாக வளர்ந்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்து, நிற்கும் பெண்ணின் இடுப்பளவுக்கு அதை நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சில நாளுக்கும் கொழுந்து எடுப்பதால்தான் மேற்பரப்பு சமமாக இருக்கிறது. செடி வரிசைகளுக்கு நடுவே ஓடும் கோடுகள் பெண்கள் நடக்கும் தடங்கள். 1877இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ இந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்தபோது இங்கே இருந்தது காடு, புல்வெளி, முதுவர்களின் குடிகள். பிறகு கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். நாம் ரசிப்பது நூற்றைம்பது ஆண்டு உழைப்பின் மேற்பரப்பை.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்கக் கூடாது. குறிஞ்சித் திணை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மலையும் களவும். ஆனால் அந்தத் தலைவி தினைப்புனத்துக்கு வந்தது வேலை செய்ய. கதிரைக் கிளி கொத்தாமல் பகல் முழுதும் விரட்டும் வேலை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் கிளி ஓட்டும் கருவிகளின் பெயர்கள் வருகின்றன: தழல், தட்டை, குளிர். ஆம், குளிர் என்பது அந்த மலையில் ஒரு பெண்ணின் கையிலிருந்த கருவியின் பெயரும்கூட. ஆண்டாண்டாக இந்தப் பாடலை நடத்துகிறோம். கருவியின் பெயருக்கு இரண்டு மதிப்பெண் வினாவில் பொருள் எழுதச் சொல்வதோடு சரி. அவள் உழைப்பைக் காதலுக்குப் பின்னணியாக வாசிக்கப் பழகிய கண்தான் இன்று தேயிலைச் சரிவில் கூடை சுமந்து நிற்பவளையும் படத்துக்குப் பின்னணியாகப் பார்க்கிறது.

தேவிகுளம் பக்கத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். சாலையோரம் எடை போடக் காத்திருந்த சில பெண்கள் இருந்தார்கள். ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும். ரப்பர் பூட்ஸ், இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாள். அவரே பேச்சைத் தொடங்கினார்.

"எந்த ஊருங்க?"

"மதுரைக்கா."

"வீட்டு ஆம்பளைங்க வரலையா?"

"இல்லக்கா. நாங்க மூணு பேருந்தான்."

"விட்டாங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பொறாமையும் இல்லை, கேலியும் இல்லை. உளவறியும் ஆர்வம் இருந்தது.

பிறகு என் தோழி தயங்கித் தயங்கி, பக்கத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டாள். "மூணாறு டவுனுக்குப் போனாத்தான்" என்றார் அவர். "நாங்க எங்க போவோம்? காலையில தண்ணி குடிக்காம வந்துடுவோம். பழகிருச்சு."

நாங்களும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. வழியில் சுத்தமான கழிப்பறை கிடைக்காது என்று எண்ணி, பயணம் கிளம்பும் எந்தப் பெண்ணும் செய்யும் கணக்கு அது. ஒரு கணம் நாங்கள் நால்வரும் ஒரே உடம்பாக இருந்தோம். அந்த ஒற்றுமை உண்மையானது. ஆனால் அது அங்கேயே தீர்ந்தும் போனது. எங்கள் தாகம் ஒரு நாளுக்கு. அரைமணி நேரத்தில் ஒரு ஓட்டல் வரும். அவருடையது முப்பது ஆண்டுத் தாகம். அதற்குச் சிறுநீரகமும் கர்ப்பப்பையும் பதில் சொல்கின்றன. 'நாம் பெண்கள்' என்ற சொல் எவ்வளவு தூரம் வரும், எங்கே நின்றுவிடும் என்பதை எந்தக் கோட்பாட்டு நூலையும்விட அந்தப் பேச்சு எனக்குத் துல்லியமாகக் காட்டியது.

கிளம்பும்போது அவர் சொன்னார்: "நீங்க மலையப் பாக்க வர்றீங்க. நாங்க செடியத்தான் பாப்போம். நிமிந்தா எடை குறையுமே."

இனி கேள்விக்கு வருகிறேன். இதற்குப் பொதுவாக இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது: "நீ வருத்தப்பட்டு என்ன ஆகப்போகிறது? சுற்றுலா வந்தால் நாலு பேருக்கு வருமானம். ரசித்துவிட்டு வா." இரண்டாவது: "சுரண்டலைக் காட்சியாகப் பார்ப்பது பாவம். போகாதே." இரண்டும் எதிரெதிராகத் தெரிந்தாலும் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன. இரண்டுமே பார்ப்பவளின் மனசாட்சியைப் பற்றியவை. ஒன்று அதைத் தூங்கவைக்கிறது, மற்றது அதைக் கழுவி வைக்கிறது. சரிவில் நிற்பவளுக்கு இரண்டாலும் ஒன்றும் மாறுவதில்லை. நான் போகாவிட்டால் என் கை சுத்தம். அவர் தினக்கூலி அதேதான். குற்றவுணர்வு மலிவான சரக்கு. அதைச் சுமப்பவளுக்குத் தன்னைப் பற்றி நல்லெண்ணம் தருவதைத் தவிர அது வேறெதுவும் செய்வதில்லை.

எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் சொல் கடன். பழந்தமிழில் கடன் என்றால் கடமை. இன்றைய பேச்சில் திருப்பித் தர வேண்டிய தொகை. இரண்டு பொருளும் இங்கே வேண்டும். இன்னொருத்தி உழைப்பால் ஆன இன்பத்தை நான் அனுபவித்தால் அது பாவமாகிவிடாது, கணக்கில் எழுதப்படும். கணக்கென்றால் எண்கள் வேண்டும். 2015இல் மூணாறில் கொழுந்து பறிப்பவரின் தினக்கூலி 232 ரூபாய். அதற்கு அவர் எடுக்க வேண்டிய அளவு 21 கிலோ. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஏறக்குறைய ஒரு கிலோ தேயிலைத் தூளாகும். ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம் என்று வைத்தால், ஒரு பெண்ணின் ஒரு நாள் உழைப்பு இரண்டாயிரம் கோப்பைக்கு மேல் வரும். கோப்பைக்குப் பத்துப் பைசா, அதற்கும் சற்றுக் குறைவு. பச்சைக் காட்சிக்கு அவருக்குக் கிடைப்பது அதுவும் இல்லை.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர்கள் அந்தப் பெண்களே. 2015 செப்டம்பரில் 20 விழுக்காடாக இருந்த போனசை 10 ஆகக் குறைத்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு மூணாறு சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். நிர்வாகத்தை மட்டும் அல்ல, தங்கள் பேரில் பேசிக்கொண்டிருந்த ஆண் தலைமைத் தொழிற்சங்கங்களையும் தள்ளிவைத்தார்கள். ஒன்பது நாள் போக்குவரத்து நின்றது, சுற்றுலா நின்றது. அதுவரை காட்சியாக இருந்தவர்கள் காட்சிக்குப் போகும் வழியை மறித்தார்கள். போனஸ் தொகை 20 விழுக்காடாகத் திரும்பியது. 500 ரூபாய் கேட்ட கூலி, அடுத்த கட்டப் போராட்டத்துக்குப் பிறகு 301 ஆனது.

அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் பெம்பிளை ஒருமை. 'பொம்பளை' என்று இழிவாக எறியப்பட்ட சொல்லையே எடுத்துக் கொடியாக்கினார்கள். மலையாளத்தில் ஒருமை என்றால் ஒற்றுமை. தமிழ் இலக்கணத்தில் அது பன்மைக்கு எதிர்ப்பதம். பேச்சில், 'ஒருமையில் பேசினான்' என்றால் மரியாதை இல்லாமல் பேசினான் என்று பொருள். காலமெல்லாம் ஒருமையில் விளிக்கப்பட்டவர்கள், ஒருமை என்ற பெயரில் பன்மையாகத் திரண்டார்கள். 2017இல் மாநில அமைச்சர் ஒருவர் அவர்களை இழிவாகப் பேசியபோதும் மறுபடி வந்து தெருவில் உட்கார்ந்தார்கள்.

வெற்றி முழுமையானதல்ல. வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு. அதனாலேயே அம்மாவின் கூடை மகளுக்குப் போகிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். அந்த இடம் ராஜமலையில், வரையாடு பார்க்க நாம் வரிசையில் நிற்கும் தேசியப் பூங்காவை ஒட்டியது.

அப்படியானால் கடனை எப்படித் தீர்ப்பது? தீர்ந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. வட்டியாவது கட்டலாம். கேட்காமல் படம் எடுக்காதிருப்பது சிறிய வட்டி. கூலி உயர்வுக்கான போராட்டம் நடந்து நம் பயணம் கெட்டுப்போகும் நாளில், 'ஐயோ லீவு வீணாச்சே' என்று சலித்துக்கொள்ளாமல் வண்டியை ஓரமாக நிறுத்திவைப்பது இன்னும் கொஞ்சம் பெரிய வட்டி. தோட்டத்துப் பெண்ணுக்குக் கழிப்பறையும் ஓய்வுக்குப் பின் சொந்தமாக ஒரு வீடும் வேண்டும் என்ற கோரிக்கையை, நம் சுதந்திரத்தைப் பற்றிப் பேசும் அதே மேடையில், அதே குரலில் பேசுவது அதைவிடப் பெரியது. நான் மலைக்குப் போவது பெண்விடுதலை என்றால், அவர் ஒரு நாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கடல் பார்க்கப் போவதும் பெண்விடுதலைதான். முதலாவது மட்டும் நடக்கும் உலகத்தில் அதற்கு விடுதலை என்று பேர் வைக்க முடியாது. வசதி என்று வைக்கலாம்.

வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ மூணாறு போகலாமா, கூடாதா மேடம்?" நான் பதில் சொல்வதற்குள் போடிப் பக்கத்திலிருந்து வரும் இன்னொரு மாணவி எழுந்தாள். "எங்க சித்தி அங்க எஸ்டேட்லதான் இருக்காங்க. நாங்க வருசா வருசம் போவோம். மலையப் பாக்கப் போறதில்ல, சித்தியப் பாக்கப் போறோம். மலை கூடவே தெரியும்."

நான் அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை.