பசிக்குச் சாட்சி கேட்கலாமா?



விலைவாசி ஏறும் காலத்தில் ஒரு வீட்டில் முதலில் குறைவது சோறு அல்ல. குழந்தைகளுக்கு வாங்கும் பால் குறையும். வாரம் ஒரு நாள் வாங்கிய மீன் நிற்கும். பருப்புக் குழம்பு இருந்த இடத்தில் ரசம் வரும். மளிகைக் கடை நோட்டில் பாக்கி இரண்டு பக்கம் தாண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த மூன்று மாத்திரைகளில் இரண்டை மட்டும் வாங்குவார்கள். இத்தனைக்குப் பிறகும் அந்த வீட்டு வாசலில் கோலம் இருக்கும். வீட்டுக்காரர் துவைத்த சட்டையோடுதான் வெளியே வருவார். பக்கத்து வீட்டுக்குக் கூட ஒன்றும் தெரியாது.

தர்மம் என்ற சொல்லைக் கேட்டதும் பலர் மனதில் வருவது நீட்டிய கை ஒன்றுதான். கை நீட்டுகிறவருக்குக் கொடுப்பது எளிது. நீட்டாத கைக்கு தர்மம் எப்படிப் போய்ச் சேரும்? இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. உதவி வாங்க வருகிறவரிடம், உனக்கு உண்மையாகவே இல்லையா என்று கேட்டு, அவருடைய இல்லாமையை அவரையே நிரூபிக்கச் சொல்வது தர்மத்தில் சேருமா?

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கும் விக்கிரமங்கலம் போன்ற ஊர்களை எடுத்துக்கொள்ளலாம். நெல், கரும்பு, மக்காச்சோளம், பருத்தி, முந்திரி எல்லாம் விளையும் மாவட்டம். சுண்ணாம்புக்கல் கிடைப்பதால் சிமெண்ட் ஆலைகளும் உண்டு. ஆலை இருக்கிறதே என்று எல்லார் வீட்டுக்கும் மாதச் சம்பளம் வருவதாக எண்ணிவிடக் கூடாது. நடவு, களை எடுப்பு, கரும்பு வெட்டு, கொத்து வேலை, நூறு நாள் வேலை, இவற்றை நம்பி இருக்கும் வீடுகள் ஏராளம்.

அந்த வீடுகளின் கணக்கு இப்படி இருந்தது. 2023 மார்ச் மாதம் சென்னையில் ஒரு கேஸ் சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசு. அந்த நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு வைத்திருந்த ஒரு நாள் கூலி 281 ரூபாய். முழுக் கூலியும் கிடைத்தாலும் ஒரு சிலிண்டருக்கு நான்கு நாள் மண் சுமக்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டு கடைசியில் சிலிண்டருக்கு 200 ரூபாய் குறைந்தது. அடுத்த மார்ச்சில் இன்னும் 100 குறைந்தது. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறி 868 ரூபாய் 50 காசு ஆனது. அப்போது கூலி 336. பாரம் சற்றுக் குறைந்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் கூலி கைக்கு வந்தால்தானே கணக்கு? 2024 நவம்பர் கடைசியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய நூறு நாள் கூலிப் பணம் நின்றுபோய், 1,056 கோடி ரூபாய் பாக்கி என்று 2025 ஜனவரியில் மாநில அரசு மத்திய அரசுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. பொங்கல் மாதம் அது. உழைத்தவருக்கே கூலி வராத மாதத்தில் அந்த வீட்டை யாரும் சோம்பேறி வீடு என்று சொல்ல முடியாது. இருந்தாலும் குழுக் கடன் வசூலுக்கு வருகிறவர் குறித்த நாளில் வந்துவிடுவார்.

இப்படிப்பட்ட வீட்டுக்குப் பிச்சைக்காரர் என்று பேர் இல்லை. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. அவர்களும் கேட்பதில்லை.

பசியைச் சோதித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மண்ணிலேயே பழைய கதை இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்தது. சர்க்கார் செலவு கூடுகிறதே என்று 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பினார்கள். நிவாரண வேலைக்கு வருகிறவருக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று அவர் குறைத்தார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. உடம்பில் தெம்பு உள்ளவன் தன் ஊரிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் உள்ள வேலைத்தளத்துக்குப் போனால்தான் வேலை என்றும் ஒரு சோதனை இருந்தது. உண்மையாகப் பசித்தவன் பத்து மைல் நடந்து வருவான், பொய்யன் வரமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. நடந்தது வேறு. உண்மையாகப் பசித்தவனுக்குத்தான் நடக்க முடியவில்லை. லட்சக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். பசியை நிரூபிக்கச் சொன்னால் அதிகம் பசித்தவனே முதலில் தோற்றுப் போவான்.

அந்தப் பஞ்சத்துக்கு நாற்பது வருஷம் முன்பே தென் திருவிதாங்கூரில் அய்யா வைகுண்டர் வேறு வழியைக் காட்டிவிட்டார். தலைவரியும் கூலியில்லா ஊழியமும் எளிய மக்களை அழுத்திய காலம் அது. வாங்கும் சக்தி இல்லாமல் போனதற்கு அன்று வரி காரணம், இன்று விலை காரணம். வாகைப்பதியில் நடந்த துவையல் தவசில் எழுநூறு குடும்பங்கள் கூடின என்பது அன்புக்கொடி மக்கள் அனைவரும் அறிந்தது. அரிசியும் சிறுபயறும் சேர்த்து வேகவைத்து எல்லாரும் ஒன்றாக உண்டார்கள். வந்தவர்களில் யார் வீட்டில் நெல் இருந்தது, யார் வீட்டில் இல்லை என்று யாரும் கணக்கெடுத்ததாக எந்த ஏடு வாசிப்பிலும் கேட்டதில்லை. முத்திரிக்கிணற்றில் நீர் இறைக்கவும் அதே முறைதான். 1836-இல் தொடங்கிய சமத்துவ சங்கமும், சமபந்தியும் அதே முறைதான்.

சமபந்தியைப் பற்றிப் பேசும்போது சாதி வேற்றுமையை உடைத்தது என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது உண்மை. அதற்குள் இன்னொன்றும் இருக்கிறது. பந்தியில் உட்கார்ந்தவர் முதுகில் இவர் இல்லாதவர் என்று எழுதி ஒட்டியிருக்காது. காலையில் வீட்டில் அடுப்புப் பற்றவைக்காதவரும், கறிக்குழம்போடு சாப்பிட முடிந்தும் அய்யாவுக்காக வந்து உட்கார்ந்தவரும் ஒரே வரிசை. வாங்குகிறவருக்கு வெட்கம் வராமல் வயிறு நிறைவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அரியலூருக்கு அடுத்த கடலூர் மாவட்டத்தில் வடலூர் இருக்கிறது. அங்கே வள்ளலார் 1867 மே 23-இல் சத்திய தருமச்சாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. வழி வேறானாலும், அங்கேயும் பசி என்று வந்தவரிடம் சாதியும் மதமும் கேட்பதில்லை.

இதெல்லாம் கோயில் வாசலோடு நிற்கும் பேச்சு, அரசாங்கத்துக்குப் பொருந்தாது என்று சிலர் நினைக்கலாம். ரேஷன் கடையைப் பார்த்தால் பொருந்தும் என்பது தெரியும். 1997-இல் மத்திய அரசு, ஏழை என்று கணக்கெடுத்தவர்களுக்கு மட்டும் மலிவு தானியம் என்று திட்டத்தை மாற்றியது. தமிழ்நாடு அதற்கு ஒத்துப்போகவில்லை. எல்லாக் குடும்பத்துக்கும் அட்டை என்ற முறையை விடாமல் வைத்துக்கொண்டது. 2007 முதல் பருப்பும் பாமாயிலும் சேர்ந்தன. 2011 ஜூன் முதல் அரிசிக்குக் காசு இல்லை. 2015-இல் வெளிக்கடையில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது ரேஷனில் 30 ரூபாய்தான். அரிசி வேண்டாதவர் தாமாகவே சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்ளலாம். அவரும் அதே கடைக்குத்தான் வருவார், அதே வரிசையில்தான் நிற்பார். ரேஷன் அரிசி வாங்குவதைத் தமிழ்நாட்டில் யாரும் பெரிய அவமானமாக நினைக்காததற்குக் காரணம் இந்த வரிசைதான்.

இதில் குறை இல்லையா? உண்டு. வேண்டாதவர் வீட்டு அரிசி மாவு மில்லுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது. மூட்டை மூட்டையாகக் கடத்தலும் நடக்கிறது. அது திருட்டு, தண்டிக்க வேண்டியது. ஆனால் அதைக் காரணம் காட்டி வடிகட்டத் தொடங்கினால் வடிகட்டியில் சிக்குவது யார்? ஓட்டு வீட்டுக்கு மேல் ஒரு தளம் கட்டக் கடன் வாங்கியதால் வசதியானவர் என்று எழுதப்படும் கொத்தனார் சிக்குவார். மகன் பேரில் பழைய பைக் இருப்பதால் தள்ளப்படும் கிழவி சிக்குவார். தகுதியில்லாத பத்துப் பேர் வாங்கிப் போவது நஷ்டம்தான், ஆனால் அரிசி நஷ்டம். தகுதியுள்ள ஒருவர் வெட்கப்பட்டுத் திரும்பிப் போவது அரிசியால் ஈடுகட்ட முடியாத நஷ்டம்.

ஊர்க்காரர்கள் சேர்ந்து செய்யும் உதவிக்கு அரசாங்கம் போல் பணம் கிடையாது, எல்லாருக்கும் எப்படிக் கொடுப்பது என்ற கேள்வி நியாயமானது. கொள்ளிடத்துக்குத் தெற்கே பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைக்கிறார்கள். கஷ்டப்பட்டவர் விருந்து போடுவார். வந்தவர் மொய் எழுதுவார். வட்டி கிடையாது. வாங்கியவர் பின்னால் அவர்கள் விருந்தில் திருப்பி எழுத வேண்டும். வாங்குகிறவர் தலை குனியாத ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் திருப்பி எழுத வழியில்லாதவருக்கு, பிள்ளைகள் இல்லாத முதியவருக்கு, அந்த நோட்டில் இடமில்லை. மொய் நல்ல கைமாற்று. தர்மம் அதற்கு அப்பால் தொடங்குகிறது.

மருத்துவச் செலவு, காலேஜ் கட்டணம் என்று பெரிய தொகை ஒரு வீட்டுக்கு மட்டும் தேவைப்படும்போது எல்லாருக்கும் கொடுக்க முடியாதுதான். அங்கே இரண்டு பேருக்குத் தெரிந்து மூன்றாவது ஆளுக்குத் தெரியாமல் செய்வதே முறை. இப்போது நடப்பது தலைகீழ். 2020 கொரோனாக் காலத்தில் தமிழ்நாடு முழுக்கப் பார்த்த காட்சி: ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்று, அதைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர், நடுவில் குனிந்த தலையோடு வாங்குகிறவர். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. வாங்கியவரின் மகள் படிக்கும் வகுப்பிலும் அந்தப் படம் வந்திருக்கும். ஐந்து கிலோ அரிசி ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். படம் தீராது. காணிக்கை வேண்டாம் என்று சொன்ன அய்யாவின் வழியில் வருகிறவர்கள், வாங்குகிறவர் முகத்தையே காணிக்கையாகக் கேட்பது எப்படிப் பொருந்தும்?

நிழல் தாங்கல்களிலும், ஊர்ப் பொது இடங்களிலும் செய்யக்கூடியது பெரிய காரியம் அல்ல. மாத முதல் ஞாயிறு பணிவிடைக்குப் பிறகு அன்னதர்மம் நடக்கும் இடங்களில், கூட ஒரு பங்கு உலை வைக்கலாம். ஊரில் விளைந்த காய், பயறு, தேங்காய் வந்து சேர்ந்தால், சமைத்தது போக மிச்சத்தைப் பங்கு போட்டு, புறப்படும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை கொடுக்கலாம். பேர் எழுத வேண்டாம். உபயம் என்று போர்டும் வேண்டாம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகமும் இதே போல வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் வசதியுள்ளவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர்கள் கொடுத்தால் மட்டும் போதாது, பந்தியில் உட்காரவும் வேண்டும், பையை வாங்கிக்கொள்ளவும் வேண்டும். எங்களுக்கு எதற்கு, இல்லாதவர்களுக்குக் கொடுங்கள் என்று அவர்கள் பெருந்தன்மையாக விலகிப் போனால், கையில் பையோடு போகிறவர்கள் எல்லாம் இல்லாதவர்கள் என்று அந்த நிமிஷமே ஊருக்குத் தெரிந்துவிடும். அடுத்த மாதம் அவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். வாங்கிய பையை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கலாம். இல்லையென்றால் இருட்டிய பிறகு, நடக்க முடியாமல் தாங்கலுக்கு வராத கிழவியின் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் வந்துவிடலாம்.