சார்ந்ததன் வண்ணம்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட இரண்டு பரப்புக் காணி வாங்குவோம் என்று மகள் நச்சரிக்கிறாள். "இப்ப விட்டால் பிறகு எட்டாது, அப்பா." 1974இல் வளாகம் வந்தபின் அங்கே செம்மண் தோட்டங்கள் பல வாடகை அறைகளாகிவிட்டன.

நான் கீரிமலையான். 1990இல் போரால் இடம்பெயர்ந்து, இராணுவம் காணியை விடுவித்தபின் திரும்பியவன். பஸ்தான் அரிது; ஆனால் நகுலேஸ்வரம் சிவன் கோயில் பக்கத்தில்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்கிறது சைவசித்தாந்தம்: உயிரை மறைக்கும் மலத்தைச் சார்ந்தால் மலமாய், சிவத்தைச் சார்ந்தால் சிவமாய். (காணித் தரகரை அந்நெறியின் ஆசான் மெய்கண்டார் நினைத்திருக்க மாட்டார்.) வாடகைக் கணக்கே பேச்சான ஒழுங்கையில் என் உயிர் என்ன நிறமெடுக்கும்?

"வளாகத்துக்குள்ளேயே பரமேஸ்வரன் கோயில் இருக்குதே" என்கிறாள். சரிதான், சிவம் அங்கேயும் உண்டு. பலவீனம் என்னுடையது. விலை ஏறும் காணியில் இருந்தால் நான் விலையைத்தான் சார்வேன். அவள் வாங்கட்டும், பிள்ளைகளின் படிப்புக்கு நல்லது. நான் கீரிமலையில்தான்.