யாருடைய காது?

தல்லாகுளம் லட்சுமி சுந்தரம் அரங்கில் கச்சேரி தொடங்குமுன் மிருதங்க வித்வான் கல்லால் தட்டிச் சுருதி சேர்ப்பார். அந்தத் தோலை மூட்டியவரின் பெயர் அழைப்பிதழில் இருக்காது.

டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' (2020), பாலக்காடு மணி ஐயரையும் அவருக்கு மிருதங்கம் செய்த தலித் கிறிஸ்தவரான பர்லாந்தையும் பற்றிப் பேசுகிறது. பசு, எருமை, ஆடு என மூன்று தோல்கள். நாதம் பிடிக்கும்வரை பிரித்துப் பிரித்து மூட்டச் சொல்வார் வித்வான். பசு கன்று ஈன்றதாக இருக்க வேண்டும் என்பார்கள், (ஈன்ற உடம்புக்குத்தான் நாதமாம்!) அது எப்படித் தோலானது என்பதை மட்டும் கேட்கமாட்டார்கள்.

குறை சொல்வது தவறா? இல்லை. அந்தப் பிடிவாதம் இல்லாமல் அந்த நாதமும் இல்லை. ஆனால், 'இன்னும் கொஞ்சம்' என்ற இரண்டே சொல்லைத் தோலில் கொண்டுவந்து காட்டும் காதுக்கு என்ன பெயர்? 'உப்பு ஒரு கல் குறைவு' என்று சாப்பிடுகிறவர் சொன்னால் அது நாக்கின் நுட்பம். அந்த ஒரு கல்லைச் சரியாகப் போடுகிறவளுக்கு இருப்பது கைப்பழக்கம், கடமை. அவளுக்கும் நாக்கு உண்டு என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

'இது சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் காதைப் பாருங்கள்' என்று பர்லாந்து ஒரு நாளாவது சொல்லியிருப்பாரா? நான் இன்னும் வீட்டில் சொன்னதில்லை.